மூணு வேளை சாப்பாடு, சம்பளம் கிடையாது

இன்னைக்குக் கதை ஒரு சாப்பாட்டு மேசையில ஆரம்பிக்குது.

வருஷம் 1902, வாஷிங்டன். அமெரிக்க வேளாண்மைத் துறையோட வேதியியல் பிரிவுக் கட்டடம். அதன் அடித்தளத்தில் 12 இளைஞர்கள் சாப்பிட உட்கார்ந்திருக்காங்க. பெரும்பாலும் அரசாங்க குமாஸ்தாக்கள். சமையல் நல்லாத்தான் இருக்கும். ஆனா கூடவே போராக்ஸும் இருக்கும். நாம கேரம் போர்டில் தூவுற போரிக் பவுடருக்கு அது நெருங்கின சொந்தம். அந்தக் காலத்தில் இறைச்சி கெட்டுப்போகாம இருக்க வியாபாரிகள் இதைத்தான் கலந்தாங்க. பாலுக்கு ஃபார்மால்டிஹைடு. ஆமா, பயாலஜி லேபில் தவளையைப் போட்டு வைக்கிற அதே சமாச்சாரம்.

இதை நடத்தியவர் ஹார்வி வைலி, அந்தத் துறையின் தலைமை வேதியியலாளர். அமெரிக்க நாடாளுமன்றம் இதுக்கு 5,000 டாலர் ஒதுக்கியது. அவரோட கணக்கு சிம்பிள்: திடமான இளைஞனுக்கே உடம்பு கெட்டுப்போனா, குழந்தைகளுக்கும் வயசானவங்களுக்கும் என்ன ஆகும்? சாப்பாட்டுக்கு முன்னாடி எடை பார்ப்பாங்க. மலம், சிறுநீர் எல்லாத்தையும் சேகரிச்சு லேபுக்குக் கொடுக்கணும். வெளியே ஒரு வாய் கூடச் சாப்பிடக் கூடாது. பத்திரிகைகள் இவங்களுக்கு 'விஷப் படை'ன்னு பேர் வச்சுது.

இதுக்குக் கூலி? மூணு வேளை இலவசச் சாப்பாடு. அதே சாப்பாடுதான்!

தலைவலி, வயித்து வலின்னு பல பேர் படுத்தாங்க. ஆனா அந்த ஆய்வு கிளப்பின பேச்சுக்கு ஒரு பலன் இருந்தது. 1906 ஜூன் 30 அன்று, அமெரிக்காவின் தூய உணவு, மருந்துச் சட்டம் கையெழுத்தானது.

இந்தக் கதையை எல்லாரும் வீரக் கதையாத்தான் சொல்றாங்க. எனக்கு அதில் வேற ஒண்ணு கண்ணில் பட்டது. அவங்களுக்கு ஏற்கெனவே குமாஸ்தா சம்பளம் வந்துட்டிருந்தது. அதனாலதான் சும்மா வந்து உட்கார முடிஞ்சது.

எனக்கு ஏன் இது உறைக்குதுன்னா, இன்ஜினியரிங் மூணாம் வருஷ லீவில் எனக்கும் ஒரு ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைச்சது. பிடிச்ச வேலை. ஆனா காசு கிடையாது, சர்டிஃபிகேட் மட்டும். தங்குற இடமும் நாமே பார்த்துக்கணும். நான் போகல. முடிவெடுத்தது நான் இல்ல, ரூம் வாடகை.

"கத்துக்கத்தானே வர்றே, காசு எதுக்கு?" இந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலேயே பதில் கிடைக்க ரொம்ப நாள் ஆச்சு. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவினதும், அறிவியலில் பின்தங்கிட்டோமோன்னு பதறினாங்க. இளநிலை மாணவர்களை ஆய்வுக்குள்ள கொண்டு வர, தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் போட ஆரம்பிச்சது. 1969இல் எம்ஐடியில் மார்கரெட் மக்விகர் ஒரு திட்டம் தொடங்கினார். இளநிலை மாணவர் பேராசிரியரோட ஆய்வில் சேரலாம், அதுக்கு மதிப்பெண்ணோ ஊதியமோ உண்டு. 1980களின் தொடக்கத்தில் அறக்கட்டளையின் திட்டம் நிதி வெட்டில் போச்சு. 1987இல் ஆர்இயூ என்ற பெயரில் திரும்ப வந்தது. கோடையில் சுமார் 10 வாரம், கையில் உதவித்தொகை. பல இடங்களில் தங்குமிடமும் உண்டு.

இதுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? 1993க்கு வாங்க. ஜாக் இன் தி பாக்ஸ் என்ற பர்கர் கடைகளில் சரியா வேகாத இறைச்சி. அதில் இ.கோலை ஓ157:எச்7 என்ற பாக்டீரியா. 700 பேருக்கு மேல நோய், நாலு குழந்தைகள் இறந்துபோனாங்க. அதுவரைக்கும் இறைச்சியைக் கண்ணால் பார்த்து, மோந்து பார்த்துத்தான் சோதிச்சுட்டிருந்தாங்க. பாக்டீரியா கண்ணுக்குத் தெரியுமா என்ன? 1994இல் அந்தக் கிருமி இருக்கிற அரைத்த மாட்டிறைச்சியைக் கலப்படம்னு அறிவிச்சாங்க. 1996இல் வந்த புது விதி, ஆலைகளில் கிருமிப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அதுக்கு லேபில் கை பழகின ஆட்கள் வேணும். அந்தப் பழக்கம் பாடப்புத்தகத்தில் வராது.

இன்னைக்கு அங்கே பல பல்கலைக்கழகங்களில் உணவுப் பாதுகாப்புக்குன்னே சம்பளத்தோட கோடை இன்டர்ன்ஷிப் நடக்குது. வேளாண்மைத் துறையும் நிதி கொடுக்குது. கீரை இலையில் சால்மொனெல்லா எவ்வளவு நேரம் பிழைக்கும், எந்தக் கழுவலில் சாகும்னு மாணவர்கள் எண்ணிப் பார்க்கறாங்க. 1902இல் உடம்பைக் கொடுத்த இடத்தில், இன்னைக்கு பெட்ரி டிஷ்.

அந்த உதவித்தொகையை 'சலுகை'ன்னு சொல்லாதீங்க. காசு இல்லாத இன்டர்ன்ஷிப் ஒரு சல்லடை மாதிரி. அதில் நிக்கறது திறமை இல்ல, அப்பா அம்மாவோட பேங்க் பேலன்ஸ். கையேந்தி பவன்ல சாப்பிட்டு வளர்ந்தவங்களுக்குத்தான் எந்தச் சட்னி எத்தனை மணிக்குப் புளிக்கும்னு தெரியும். அவங்க லேபுக்குள்ள வரலைன்னா, அந்தச் சட்னியைப் பத்தின கேள்வியை யார் கேப்பாங்க?

அதனால, அடுத்த தடவை இன்டர்வியூல "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கேட்டா, கூச்சப்படாம கேளுங்க: "ஸ்டைபண்ட் எவ்வளவு?" நான் கேட்கல. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.