பொறியும் எந்திரமும்

பொறி, எந்திரம் ஆகிய இரண்டையும் ஒரே பொருள் தரும் சொற்களாகவே நம் மாணவர் எழுதி வருகின்றனர். 'எந்திரம் வடசொல், அதனை நீக்கிப் பொறி என்றே எழுதினால் போதாதா?' என்று வினவுவாரும் உளர். இவ்விரு சொற்களின் வரலாற்றை நோக்கின் விடை தெளிவாகும்.

எந்திரம் என்பது 'யந்திரம்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவமே. எனினும் அது நேற்று வந்ததன்று. சங்க நூலாகிய ஐங்குறுநூற்றில் கரும்பு பிழியும் எந்திரம் இடம்பெறுகிறது. அதன் ஓசை களிற்றின் பிளிறலோடு இணைத்துப் பேசப்படுகிறது. வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்கும் நெறியைத் தொல்காப்பியரே வகுத்துள்ளார். மலாய் மொழியில் வழங்கும் 'ஜெந்தெரா' என்பதும் இதே மூலத்தினின்று பிறந்ததாகும்.

பொறியோ பல பொருள் உடையது. அடையாளம், தீத்துளி, ஐம்பொறி, எலியைப் பிடிக்கும் பொறி என அது விரியும். மதுரை மதிலில் பகைவரைத் தாக்க அமைந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கிக் கூறுகிறது. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறி, வலப்பக்கம் திருகினால் எழும். இடப்பக்கம் திருகினால் இறங்கும். இவ்விடங்களில் எல்லாம் உள்ளே மறைந்து நின்று இயக்கும் நுட்பமே பொறி எனப்படுகிறது. ஆங்கிலத்தார் வழங்கும் 'இஞ்சின்' என்னும் சொல்லும் மதிநுட்பம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்ததே. அதுவும் முற்காலத்தில் கண்ணியையும் போர்க்கருவியையும் குறித்தது. ஆதலின் ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்ற கருவியை நீராவிப் பொறி என்பது மிகவும் பொருந்தும்.

நம் மலாக்கா மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் பெருகிய தோட்டங்களில், உறைந்த பாலைத் தகடாக்கும் உருளையையும், அதனை ஓட்டும் டீசல் இஞ்சினையும் நம்மவர் 'மிசின்' என்றே அழைத்தனர். ஆனால் கையால் சுழற்றினாலும் உருளை தன் வேலையைச் செய்யும்; அஃது எந்திரம். எரிபொருளின் வெப்பத்தை இயக்கமாக மாற்றி அதனைச் சுழலச் செய்வது பொறி. மின்னாற்றலால் சுழற்றுவதாயின் அது மின்னோடி.

வேலை செய்வது எந்திரம். அதற்கு விசை தருவது பொறி. இரண்டில் ஒன்றை விலக்கினால், தூய்மை கூடாது; தெளிவுதான் குறையும். அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே உணர்த்துதல் வேண்டும். சொல் தெளிந்தால் பொருளும் தெளியும் அன்றோ?