பள்ளிக்கூடம் கிடைக்காத பிள்ளைகளும் பள்ளிக்கூடம் கட்டிய பெற்றோரும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பையனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "மூணு பிரைவேட் ஸ்கூல்ல கேட்டுட்டேன் டீச்சர், சீட் இல்லைங்கிறாங்க. மெட்ராஸ்ல இந்தப் பிள்ளைகளுக்குன்னே தனி ஸ்கூல் இருக்காம். ரெண்டு மா நிலத்தை வித்துட்டுப் போயிடலாம்ங்கிறார் அவர். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சி முடித்த காலத்தில் ஆட்டிசம் என்ற சொல்லையே கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். அவன் அம்மாவிடம், "நீங்க செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் பையன் நின்றுவிட்டான்.

இதே தவற்றைப் பெரிய டாக்டர்களே செய்திருக்கிறார்கள் என்பது இப்போது படித்தபோதுதான் தெரிந்தது. 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக விவரிக்கப்பட்டது. பிறகு பல ஆண்டுகள், தாய் பாசம் காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று மேல்நாட்டு நிபுணர்கள் பலர் நம்பினார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். அவரே ஒரு ஆட்டிசக் குழந்தையின் தகப்பனார்.

பள்ளிக்கூடக் கதையும் பெற்றோரிடமிருந்துதான் தொடங்குகிறது. அன்றைக்கு இந்தப் பிள்ளைகளைச் சேர்க்க ஆளில்லை. லண்டனில் பெற்றோர் சிலர் கூடி 1962இல் ஒரு சங்கம் வைத்தார்கள். 1965இல் அந்தச் சங்கமே ஈலிங் பகுதியில் பள்ளி திறந்தது. நம் நாட்டில் மெரி பருவா என்ற தாயார் 1991இல் டில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1994இல் அதன் 'ஓப்பன் டோர்' பள்ளி வந்தது. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய, இன்று வித்யாசாகர் எனப்படும் நிறுவனமும் ஒரு தாயார் தொடங்கியதுதான். அவர் மகனுக்கு இருந்தது மூளை முடக்குவாதம். ஆக, இந்தத் தனியார் பள்ளிகள் பல, வேறு வழியில்லாமல் பெற்றோரே போட்ட பாதை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன, ஆட்டிசம் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு உரியவர்களில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் சேர்த்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. 2016 சட்டம் 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்றது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம்.

இந்த வாரம் நான் பேசிய பெற்றோரிடம் மூன்று விதமான எண்ணம் இருக்கிறது. சிறப்புப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு, பயிற்சி நன்றாக இருக்கும் என்கிறார்கள் சிலர். ஆனால் அது டவுனில் இருக்கும், பீஸும் அதிகம். சாதாரண தனியார் பள்ளி வேண்டும் என்பவர்கள், மற்ற பிள்ளைகளோடு பழகினால்தான் பேச்சு வரும் என்கிறார்கள். அங்கேயோ கூட உட்கார ஒரு ஆளை உங்கள் செலவில் வையுங்கள் என்று கேட்கிறார்களாம். அரசுப் பள்ளியில் பணம் கேட்பதில்லை, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வருவார், ஆனால் தினமும் வர மாட்டார் என்று ஒரு அப்பா சொன்னார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

என் மாணவிக்கு நான் சொன்னது இதுதான். நிலத்தை இப்போது விற்காதே. முதலில் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கு. வட்டார வள மையத்தில் பெயரைப் பதிவு செய். சீட் இல்லை என்ற பள்ளியில் காரணத்தை எழுத்தில் கேள். ஒரு வருடம் பக்கத்துப் பள்ளியில் பார். பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் அப்போது சிறப்புப் பள்ளியை யோசிக்கலாம். அலுவலகத்துக்கு நானும் கூட வருகிறேன் என்றேன். திங்கட்கிழமை இருவரும் போகிறோம்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், சிலர் பள்ளியே நடத்துகிறீர்கள். இப்படி ஒரு தாய் பிள்ளையோடு வந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள். நான் சொன்னதைச் சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவன் அம்மாவைப் பற்றி யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்