வரவழைக்கப்பட்ட மீன்கள்: பழனிமலை நீர்நிலைகளை முன்வைத்து அயல்மீன் பரவலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பழனிமலையையும் அதன் நீர் சென்றடையும் சமவெளியையும் வந்தடைந்த முதன்மையான அயல்மீன்கள், பொழுதுபோக்கு, கொசு ஒழிப்பு, உணவு ஆகிய நோக்கங்களுக்காக அரசுத் துறைகளாலும் அறிவியல் நிறுவனங்களாலும் வரவழைக்கப்பட்டவை. அவற்றின் நுழைவுக்கு ஆண்டுக் குறிப்பு உண்டு. பரவலுக்கு அத்தகைய குறிப்பு அரிது. கப்பல் நீரில் வந்து பரவிய வட்டக் கோபி மீனின் வரலாற்றோடு ஒப்பிட்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. பண்ணைக்காடு போன்ற இடைமலை ஊர்கள் இவ்வரலாற்றில் பதிவு பெறாமல் போனதன் காரணத்தையும் விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அயல்மீன்கள், பழனிமலை, பண்ணைக்காடு, திலாப்பியா, சாதா கெண்டை, சூழலியல் வரலாறு.

முன்னுரை

பழனிமலையில் அயலினங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மரங்களைப் பற்றியதாகவே அமைகிறது. வாட்டில், யூகலிப்டசு, பைன் ஆகியவை மலையுச்சிப் புல்வெளிகளை மூடிக்கொண்டதை மலைச்சரிவைப் பார்க்கும் எவரும் உணர முடியும். நீருக்குள் நிகழும் மாற்றம் அவ்வாறு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஓர் ஓடையில் ஒரு மீனினம் குறைந்து மற்றொன்று பெருகுவதை அங்கு மீன்பிடிப்பவர் அறிவர். ஆவணம் எளிதில் அறிவதில்லை.

‘ஊடுருவும் அயலினம்’ என்னும் சொல்லாட்சி வினையை உயிரினத்தின்மீது ஏற்றுகிறது. மீன் ஊடுருவியது என்று எழுதும்போது அதனைக் கொண்டுவந்தவர் யார், எக்காரணத்திற்காகக் கொண்டுவந்தார் என்னும் வினாக்கள் பின்னுக்குச் செல்கின்றன. ஆகவே நுழைவு, பரவல் ஆகிய இரண்டையும் தனித்தனியே நோக்குவது வரலாற்றாய்வுக்கு இன்றியமையாதது.

கப்பல் நீரில் வந்த கோபி

நம் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வாழும் உழுவை, கோபி எனப்படும் பெருங்குழுவைச் சேர்ந்த உள்நாட்டு மீனாகும். அக்குழுவில் அடங்கிய வட்டக் கோபி, கருங்கடல், அசோவ் கடல், காசுப்பியன் கடல் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. இது 1990-இல் பால்டிக் கடலின் கிதான்ஸ்க் வளைகுடாவிலும், அதே ஆண்டில் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஆற்றிலும் கண்டறியப்பட்டது. சுமார் ஐந்து ஆண்டுகளுக்குள் வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தையும் எட்டியது. கப்பல்கள் தம் நிலைப்பாட்டிற்காக அடித்தளத்தில் நிரப்பிச் செல்லும் நீரே இதனைக் கடல் கடக்கச் செய்தது என்பது ஆய்வாளர்தம் பொதுவான முடிவு.

இம்மீனின் வெற்றிக்கு அதன் உயிரியல் இயல்புகள் துணைநின்றன. பெண்மீன் ஒரு பருவத்தில் பலமுறை முட்டையிடுகிறது. ஆண்மீன் கற்பொந்தில் அம்முட்டைகளைக் காவல் காக்கிறது. உவர்நீர், நன்னீர் ஆகிய இரண்டிலும் இம்மீன் வாழவல்லது. கருங்கடல் பகுதியிலிருந்து முன்னரே பேரேரிகளை வந்தடைந்திருந்த வரிச்சிப்பிகளும் இதற்கு உணவாயின. ஒருவரும் விரும்பி அழைக்காத மீன் இது. இத்தகைய வருகைகளைத் தடுக்கவே கப்பல் நிலைப்பு நீர் மேலாண்மைக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2004-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

கோப்புகளின் வழி வந்த மீன்கள்

தமிழக மலைகளின் வரலாறு இதற்கு நேர்மாறானது. கொடைக்கானல் ஏரியே இயற்கையானதன்று. மதுரை ஆட்சியராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் 1863-இல் ஓடைகளை மறித்து உருவாக்கப்பட்டது. ஐரோப்பியர்தம் மலைவாழ்விடங்களில் ஏரி, படகு, தூண்டில் ஆகியவை ஒரே வாழ்க்கைமுறையின் உறுப்புகளாக இருந்தன. சென்னை மாகாணப் படைப்பிரிவின் மருத்துவரும் இந்திய மீன்களை விரிவாக வகைப்படுத்தியவருமான பிரான்சிஸ் டே, 1860-களில் நீலகிரியில் டிரவுட் மீனைக் குடியேற்ற முயன்று தோற்றார். இந்நாட்டு மீன்களைப் பதிவு செய்தவரே அயல்மீனைக் கொணரவும் முயன்றார் என்பது கருதத்தக்கது. அக்கால அறிவியலில் அவ்விரு பணிகளும் ஒன்றுக்கொன்று முரணானவையாகக் கருதப்படவில்லை.

பிரெடரிக் நிக்கல்சன் வழிநடத்திய சென்னை மாகாண மீன்வளத் துறையின் தொடக்கக் காலத்தில், எச். சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் அமைத்தார். வானவில் டிரவுட் அங்கு நிலைபெற்றது. மூணாறு மலைப்பகுதியிலும் இடம்பெற்றது. 1928-இல் கொசுப் புழுக்களை உண்ணும் கம்பூசியா மலேரியா ஒழிப்பிற்காக இத்தாலியிலிருந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. 1939-இல் சாதா கெண்டையின் செருமானிய வகை இலங்கையிலிருந்து உதகைக்கு வந்தது. பின்னர்க் கொடைக்கானல், ஏற்காடு முதலிய மலை ஏரிகளிலும் விடப்பட்டது. 1952-இல் திலாப்பியா வந்தது. மண்டபத்திலிருந்த நடுவண் கடல்மீன் ஆய்வு நிலையம் அதனைப் பாங்காக்கிலிருந்தும், சென்னை மாநில மீன்வளத் துறை இலங்கையிலிருந்தும் பெற்றன. இன்று மீன் சந்தைகளில் ‘ஜிலேபி’ என்று வழங்கும் மீன் அதுவே.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு, உலகின் மிகத் தீங்கான நூறு ஊடுருவும் அயலினங்களின் பட்டியலை 2000-இல் வெளியிட்டது. அதில் எட்டு மீன்கள் உள்ளன. சாதா கெண்டை, வானவில் டிரவுட், கம்பூசியா, மொசாம்பிக் திலாப்பியா ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கும். ஊடுருவலுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படும் வட்டக் கோபி அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

தெரிவின் அளவுகோலும் தீங்கின் காரணமும்

இந்நான்கனுள் டிரவுட் குளிர்ந்த, தூய நீரை வேண்டுவது. பொரிப்பகத்தின் துணையையும் பெற்றது. ஏனைய மூன்றும் எந்த இயல்புகளுக்காகத் தெரிவு செய்யப்பட்டனவோ, அவ்வியல்புகளாலேயே கட்டுப்பாட்டை மீறின.

கம்பூசியா குட்டியீனும் மீன்; பெண்மீன் ஆணின் விந்தணுக்களைத் தன் உடலில் சேமித்து வைக்கவல்லது. ஆதலால் சினையுற்ற ஒரே மீன் புதிய குளத்தில் ஒரு கூட்டத்தைத் தோற்றுவிக்க இயலும். கொசுப் புழு ஒழிப்பிற்கு இது நன்மை; பிற மீன்களின் முட்டைகளுக்கும் தவளைக் குஞ்சுகளுக்கும் இதுவே கேடு. சாதா கெண்டை குளிர்நாடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிடுகிறது. நம் நாட்டின் வெப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடுகிறது. நீர்த்தாவரங்களில் ஒட்டிக்கொள்ளும் முட்டைகளைக் கொண்ட இம்மீன் தேங்கிய நீரில் தானாகவே பெருகும். அடிமண்ணைக் கிளறி உண்பதால் நீர் கலங்குகிறது. ஒளி குறைந்து நீர்த்தாவரங்கள் அழிகின்றன. திலாப்பியாவோ சில மாதங்களிலேயே பருவமெய்தி, முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காக்கிறது. குஞ்சுகள் பெருமளவில் பிழைப்பதால் குளம் நிறைகிறது. நெரிசலால் மீன்கள் வளர்ச்சி குன்றுகின்றன.

மீன்வளத் துறையின் நோக்கில் விரைவாகப் பெருகுதல், எதையும் உண்ணுதல், கடுஞ்சூழலைத் தாங்குதல் ஆகியவை நற்பண்புகள். உணவுப் பற்றாக்குறை நிலவிய 1950-களில் அவ்வாறு கருதியது அறியாமையின் விளைவன்று. அக்காலத் தேவை அதுவாக இருந்தது. இன்று தீங்கின் அடையாளங்களாக எண்ணப்படுவனவும் இவ்வியல்புகளே. அளவுகோல் மாறியதே தவிர, மீனின் இயல்பு மாறவில்லை.

1959-ஆம் ஆண்டுத் தடை

திலாப்பியாவின் பெருக்கம் விரைவிலேயே உணரப்பட்டது. இந்திய மீன்வள ஆய்வுக் குழு 1959-இல் அதன் பரப்பலுக்குத் தடை விதித்தது. நுழைவுக்கும் தடைக்கும் இடைப்பட்ட காலம் ஏழு ஆண்டுகளே. ஆயினும் 1960-களின் இறுதிக்குள் தமிழகத்தின் பெரும்பாலான நீர்த்தேக்கங்களில் திலாப்பியா இருப்புச் செய்யப்பட்டிருந்தது. அமராவதி நீர்த்தேக்கத்தின் மீன்பிடிப்பில் அதுவே மேலோங்கியது.

இச்செய்தி பழனிமலைக்கு நேரடியான தொடர்புடையது. மலையின் வடக்கு, மேற்குச் சரிவுகளின் நீர் அமராவதியைச் சேர்கிறது. தெற்குச் சரிவின் மஞ்சளாறும் மருதாநதியும் வைகையைச் சேர்கின்றன. இவ்வாற்று வலைப்பின்னலின் கீழ்முனையில் உள்ள நீர்த்தேக்கத்தில் நிலைபெற்ற மீன் கோடையில் உயிர்பிழைத்து, வெள்ளக் காலத்தில் கால்வாய்களின் வழியே கண்மாய்களை எட்டும். விற்பனைக்காகவும் வளர்ப்பிற்காகவும் மனிதர் எடுத்துச் செல்வதும் உண்டு. நுழைவு ஓர் அலுவலகத்தின் முடிவாக இருந்தமையால் அதற்கு ஆண்டு உண்டு. பரவல் எண்ணற்ற கைகளின் செயலாக இருந்தமையால் எந்தக் கோப்பிலும் முழுமையாக அடங்கவில்லை. தடை உத்தரவு முதலாவதைக் கட்டுப்படுத்தவல்லது. இரண்டாவதை அது எட்டவில்லை.

2000-இல் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியின் வரலாறு இதனை வேறொரு கோணத்தில் உறுதிசெய்கிறது. அது அரசின் ஒப்புதலின்றி நாட்டிற்குள் வந்தது. தடைக்குப் பின்னரும் வளர்க்கப்பட்டது. அதாவது, அழைத்த மீனாயினும் அழையா மீனாயினும், நிலைபெற்ற பின் அவ்வேறுபாடு நீருக்குள் பொருளற்றதாகிறது. பொறுப்பை வரையறுக்கும் வரலாற்றுக்கே அது பொருளுடையது.

உயரமும் ஆவணமும்: பண்ணைக்காடு

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்தது. வெப்பமண்டல மீனான திலாப்பியாவிற்கு அவ்வுயரத்தின் குளிர் தடையாகிறது. சாதா கெண்டைக்கோ அது இயைபானது. எனவே மலையுச்சியில் கெண்டையும் அடிவாரத்தில் திலாப்பியாவும் என, வெப்பநிலையே பரவலுக்கு எல்லை வகுக்கிறது. கீழ்ப் பழனிமலையில் காப்பியும் மலைவாழையும் விளையும் பண்ணைக்காடு இவ்விரு மண்டலங்களுக்கும் இடைப்பட்டது.

ஆவண உருவாக்கத்திலும் அதன் நிலை இடைப்பட்டதே. கொடைக்கானல் ஏரிக்கு மலைவாழிடத்தின் பெருமை இருந்தது; படகுக் குழாம் இருந்தது; நீரியல் ஆய்வாளர்தம் கவனமும் கிட்டியது. சமவெளி நீர்த்தேக்கங்களுக்குக் குத்தகையும் பிடிப்புக் கணக்கும் இருந்தன. ஊற்றுகளும் ஓடைகளும் தோட்டக் குட்டைகளுமே நீர்நிலைகளாக உள்ள இடைமலை ஊருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. மீனைக் கணக்கிட வேண்டிய தேவை எழாத இடத்தில் மீனைப் பற்றிய ஆவணமும் உருவாவதில்லை. ஆனால் பாறையில் ஒட்டி வாழும் சிறு மீன்களும், ஓட்டமிக்க நீரையே வேண்டும் உள்நாட்டுக் கெண்டையினங்களும் இத்தகைய ஓடைகளுக்கே உரியவை. இழப்பு நேர்ந்தால் இங்குதான் நேரும். அதனை அளந்தறிய அடிப்படைப் பதிவும் இங்குதான் குறைவு.

முடிவுரை

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 62-அ பிரிவு, ஊடுருவும் அயலினங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவும் தடை செய்யவும் நடுவண் அரசுக்கு அதிகாரம் வழங்குகிறது. 1959-ஆம் ஆண்டுத் தடையின் பட்டறிவு இங்கு நினைவுகூரத்தக்கது: எங்கெங்கு பரவியுள்ளது என்னும் பதிவில்லாத தடை, நுழைவாயிலை மட்டுமே காக்கும்.

ஆகவே இத்துறையில் வரலாற்றாய்வாளருக்கு உரிய பணி உண்டு. மீன்குஞ்சு வழங்கிய பதிவேடுகள், பண்ணைக்குட்டைத் திட்டக் கோப்புகள், நகராட்சியின் கொசு ஒழிப்புக் கணக்குகள் ஆகியவற்றை ஆற்று வடிநில வாரியாகத் தொகுக்க வேண்டும். அவற்றோடு, இடைமலை ஓடைகளில் இளமையில் மீன்பிடித்த மூத்தோரின் வாய்மொழிச் சான்றுகளையும், அவர்கள் வழங்கும் மீன்பெயர்களையும் இடக்குறிப்போடு பதிய வேண்டும். எந்த ஓடையில் எந்த மீன் இருந்தது என்று கூறவல்ல தலைமுறை முதுமை எய்திவிட்டது. கோப்புகள் இன்னும் சில காலம் காத்திருக்கலாம், அச்சான்றுகள் காத்திரா.