அயலார் நம்பிய அரசு

ஒரு நாட்டின் ஆட்சி உறுதியானதா என்பதை அந்நாட்டுக் குடிமகனைவிட விரைந்து உணர்பவன் அங்கு வந்திறங்கும் அயலானே. அவனுக்கு அங்கே உற்றாரில்லை. பரிந்து பேச ஊர்ப் பெரியவர் இல்லை. அந்நாட்டுச் சட்டம் ஒன்றே அவனுக்குக் காப்பு. இவ்வுண்மையை விளக்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலாக்காவின் வரலாறே போதும்.

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பரமேஸ்வரா தோற்றுவித்த இவ்வூர் இரு பருவக்காற்றுகள் சந்திக்கும் இடத்தில் அமைந்தது. தென்மேற்குக் காற்று குஜராத்தியரையும் தமிழரையும் கொணர்ந்தது. வடகிழக்குக் காற்று சீனரைக் கொணர்ந்தது. காற்று மாறும்வரை அவர்கள் பல திங்கள் காத்திருக்க வேண்டும். செங் ஹோவின் கடற்படையினர் இங்கு மரவேலி சூழ்ந்த பண்டகசாலைகள் அமைத்து, இரவில் காவல் சுற்றி வந்ததை, அவருடன் வந்த மா ஹுவான் எழுதி வைத்துள்ளார். ஆனால், காற்று எல்லாத் துறைமுகங்களுக்கும் பொதுவன்றோ? வணிகர் மலாக்காவைத் தேர்ந்தமைக்குக் காரணம் அதன் நிருவாகமே ஆகும்.

1512 முதல் சில ஆண்டுகள் அங்கு வாழ்ந்த போர்த்துகீசியரான தோமே பிரெஸ் அந்த நிருவாகத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளார். துறைமுகத்தில் 84 மொழிகள் ஒலித்தன என்கிறார். அயலாருக்கென நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். ஒருவர் குஜராத்தியருக்கு, ஒருவர் தமிழர், வங்காளியர், பெகு, பாசாய் நாட்டினருக்கு, ஒருவர் சாவகம் முதலிய தீவினருக்கு, ஒருவர் சீனர் முதலானோருக்கு. மேற்கிலிருந்து வந்த சரக்கிற்கு நூற்றுக்கு ஆறு வரி. சரக்கை மதிப்பிடப் பதின்மர் அமர்வர். அவருள் ஐவர் தமிழகப் பகுதியிலிருந்து வந்த வணிகர், ஐவர் பிற நாட்டார். வரி எவ்வளவு, மதிப்பிடுவோர் யார் என்பதைக் கப்பலேறும்போதே அறிந்திருந்த வணிகன் துணிந்து முதலிட்டான்.

கடலிலும் சட்டம் உண்டு. மலாக்காவின் கடற்சட்டம் கப்பலில் நகோடாவை அரசனுக்கு ஒப்பாக வைத்தது. எனினும், புயலில் சரக்கை எறிய நேர்ந்தால் சரக்குடையோரைக் கலந்தே எறிய வேண்டும்; இழப்பை அனைவரும் பகிர்ந்து ஏற்க வேண்டும். அதிகாரத்திற்கு ஒரு வரம்பிட்டது அச்சட்டம்.

இத்தகைய அரசு எவ்வாறு நலிந்தது? செஜாரா மெலாயு ஒரு துயர நிகழ்ச்சியைக் கூறுகிறது. வணிகர் தலைவன் நைனா சூரா தேவானாவுக்கும், ஷாபந்தராயிருந்த ராஜா முதலியாருக்கும் வழக்கு மூண்டது. முன்னவன் பெண்டகாரா துன் முத்தாகிருக்கு இரவில் பொன் அளித்தான். பின்னவன், தன்னைக் கொல்லவே அப்பொன் தரப்பட்டதென்ற பொய்யை நம்பி, லக்சமானாவுக்குப் பொன் அளித்து, பெண்டகாரா அரசைக் கவரச் சூழ்கிறார் எனச் சொல்லச் செய்தான். ஏற்கெனவே மனக்கசப்புற்றிருந்த சுல்தான் மகமூது ஷா விசாரணையின்றியே 1510இல் பெண்டகாராவைக் கொல்வித்தார். குற்றச்சாட்டு பொய்யெனப் பின்னர் வெளிப்பட்டது. பழி சுமத்திய முதலியாரும் கொல்லப்பட்டார். வழக்காடிய இருவரும் கடல் கடந்து வந்த நம்மவர் வழியினர். மாண்ட பெண்டகாராவும் தென்னகத்திலிருந்து வந்த மணி புரிந்தத்தின் வழித்தோன்றலே. தம்மைக் காத்த நீதியையே நம்மவர் பொன்னால் விலை பேசினர் என்பதை நாம் மறைத்தல் தகாது.

மறு ஆண்டே அல்புகெர்க் வந்தார். சுல்தான் தம் போருக்கெனத் தடுத்து வைத்திருந்த சீனக் கப்பல்களின் தலைவர்கள் அவருக்குப் படகு தந்துதவினர் எனப் போர்த்துகீசியக் குறிப்புகள் கூறுகின்றன. 1511 ஆகஸ்டில் மலாக்கா வீழ்ந்தது. பீரங்கியின் வலிமை பெரிதே. ஆயினும், நம்பிக்கை இழந்த அயலாரும் நகருக்குத் துணை நிற்கவில்லை. பின்னர் முஸ்லிம் வணிகருள் பலர் அச்சேவையும் பந்தானையும் நாடிச் சென்றனர். துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. நம்பிக்கைதான் கப்பலேறிப் போயிற்று.

இன்று மலாக்கா ஆற்றங்கரையில் நடக்கும் பயணி கோட்டையின் எஞ்சிய வாயிலைக் கண்டு வியக்கிறான். அக்கோட்டை வென்றவர் கட்டியது. அதற்கு முன் அந்நகரைக் காத்தது கல்லன்று. முகமறியா வணிகன் சரக்கை ஐந்து அயலாரும் ஐந்து தமிழரும் கூடியமர்ந்து மதிப்பிட்ட அந்த நேர்மையே.