பெங்களூரு சுவர் ஓவியங்கள்: பெயின்ட் அடிச்சா குப்பை போயிடுமா?

பெங்களூருவில் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் சிக்னலில் நிற்கிறீர்கள். தூண்களில் முக்கோணமும் பட்டையுமாக வண்ணங்கள். பக்கத்துச் சுவரில் ஹம்பி கல்தேர். அதன் காலடியில் ரெண்டு குப்பை மூட்டை. அப்போ இந்த பெயின்ட் வேலை செஞ்சதா, இல்லையா?

எப்போ ஆரம்பிச்சது?

2009 வாக்கில், அப்போதைய மாநகராட்சியான பிபிஎம்பி பொதுச் சுவர்களில் ஓவியம் வரையத் தொடங்கியது. போஸ்டர் ஒட்டுவதையும் சிறுநீர் கழிப்பதையும் நிறுத்துவதுதான் நோக்கம். வரைந்தவர்களில் பலர் பேனர், சைன்போர்டு ஓவியர்கள். ஃபிளெக்ஸ் வந்ததும் பிழைப்பை இழந்தவர்கள். மைசூரு அரண்மனை, யட்சகானம், காட்டு விலங்குகள் என்று சுவர்கள் நிறைந்தன.

'தி அக்லி இந்தியன்' என்ன வித்தியாசமா செஞ்சாங்க?

2010இல் தொடங்கிய இந்தக் குழுவில் யாரும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை. வாயை மூடிட்டு வேலையைப் பாரு என்பதுதான் கொள்கை. ஒரு இடத்தில் ஏன் குப்பை சேருகிறது என்பதை முதலில் கவனிப்பார்கள். பிறகு அள்ளுவது, நடைபாதையைச் சரிசெய்வது, தொட்டி வைப்பது. பெயின்ட் கடைசியில்தான். சுவரின் கீழ்ப்பகுதிக்குச் செங்காவி நிறம் அடிப்பதிலும் கணக்கு உண்டு: வெற்றிலைக் கறை எடுப்பாகத் தெரியாது.

குறையை மறைக்காம காட்டினா?

ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி இதைத் தலைகீழாகச் செய்தார். 2015இல் சுல்தான்பாளையாவில் தண்ணீர் தேங்கிய பெரிய பள்ளத்தில் ஒரு முதலை பொம்மையை மிதக்கவிட்டார். படம் பரவியது, பள்ளம் மூடப்பட்டது. 2019இல் குண்டும் குழியுமான சாலையில் விண்வெளி உடை போட்டவரை நிலவில் நடப்பதுபோல நடக்கவைத்து வீடியோ எடுத்தார். சாலைப் பணி உடனே தொடங்கியது.

அழகு எப்போ நிலைக்கும்?

டோக்கியோவைப் பாருங்கள். ஷிபுயா பகுதியில் 2020 முதல் 2023 வரை 17 பொதுக் கழிப்பறைகளைப் பிரபல கட்டடக் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் புதிதாக வடிவமைத்தனர். கூடவே, தினமும் சுத்தம் செய்ய ஆட்களும் ஏற்பாடும் இருந்தன. இந்தக் கழிப்பறைகளை வைத்து வந்த 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தின் நாயகன் கட்டடக் கலைஞர் இல்லை, துப்புரவுப் பணியாளர்.

நீங்க வரையணும்னா?

பிரஷ்ஷோடு நேராக இறங்கிவிடாதீர்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் கர்நாடகச் சட்டம் 1981 முதல் இருக்கிறது. எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குவதே பாதுகாப்பு. 2025 செப்டம்பர் முதல் பிபிஎம்பி கிடையாது. கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள். உங்கள் தெரு எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

அனுமதி கேட்கும்போதே மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும்? அங்கே விளக்கு எரியுதா? ஆறு மாதம் கழித்து இந்த இடத்துக்கு யார் பொறுப்பு?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தால் பெயின்ட் வாங்குங்கள். கிடைக்கலைன்னா, முதல் வேலை அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதுதான்.