துலா திரும்பி வந்த காலம்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் போகும்போது நாவற்குழியில் சிவபூமி அரும்பொருட் காட்சியகம் இருக்கிறது. ஆறு. திருமுருகன் அவர்களின் சிவபூமி அறக்கட்டளை 2020 ஜனவரியில் திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோற்றோடு குடும்பமாக அங்கே போனோம்.

முன்னோர் புழங்கிய சாமான்களைப் பார்த்துக்கொண்டே வந்த மகன், “அம்மம்மா, இதெல்லாம் சங்கிலி ராசான்ர காலத்துச் சாமானோ?” என்று கேட்டான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இல்லையடா ராசா, உன்ர அம்மா பள்ளிக்கூடம் போகேக்க நாங்கள் துலாவிலதான் இறைச்சனாங்கள்.”

வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டுக்குக் கிணறுதான் கதி. ஆடுகால் நட்டு, அச்சுலக்கையில் பனந்துலாவை ஏற்றி, பட்டையால் இறைத்துத்தான் புகையிலையும் வெங்காயமும் விளைந்தன. 1950களில் மண்ணெண்ணெய் இயந்திரம் பரவத் தொடங்க, துலாக்கள் மெல்ல மெல்ல விறகாயின. இது எல்லோரும் அறிந்த கதை. அதற்குப் பிந்திய கதையைத்தான் பிள்ளைகள் அறியார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, எரிபொருளுக்குத் தடை வந்தது. தோட்டத்து இயந்திரத்துக்கு ஊற்ற எண்ணெயில்லை. அப்பா எங்கோ தேடி ஒரு பனந்துலாவைக் கொண்டுவந்து ஏற்றினார். விடியற்புறத்தில் அவர் துலா மிதிப்பார், அம்மா பட்டை பிடிப்பா, நான் வாய்க்காலில் தண்ணீர் மாறுவேன். துலா மிதிப்பது எவருக்கும் உடனே வந்துவிடாது. கால் தவறினால் கிணறுதான். அப்பாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க அயலில் ஒரு கிழவர் உயிரோடு இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். முப்பது வருடம் பிந்தியிருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்போம்?

இரவில், ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்!

அரசர் காலத்துப் பொருளுக்குப் பெயரும் ஆண்டும் எழுதி வைக்க அறிஞர்கள் இருக்கிறார்கள். அந்தப் போத்தல் விளக்கை நாங்களே குப்பையில் எறிந்தோம், கஷ்டகாலத்துச் சாமான் வீட்டில் எதற்கு என்று. என் வீட்டிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மகனுக்கு அதைச் சொல்லத்தான் முடிந்தது, காட்ட முடியவில்லை.

வீடு திரும்பி நான் தேநீர் வைக்கப் போனபோது, அம்மா குசினித் தட்டில் வெறும் ஜாம் போத்தல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தா. மகன் பஞ்சோடு பக்கத்தில் நின்றான்.