இரண்டு பியானோ போட்ட பெண்மணி

இசைக்கலைஞர்கள்கிட்ட "இதை எப்படி வாசிச்சீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. "அப்படியே வந்துடுச்சு" என்பார்கள். விரலுக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. மரியன் மெக்பார்ட்லண்ட் இதற்குக் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது: ஸ்டூடியோவில் ரெண்டு பியானோ. ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று தனக்கு.

1918-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் கில்டுஹால் பள்ளியில் செவ்வியல் இசை படித்துக்கொண்டிருந்தவர், 1938-ல் அதைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு மேடைக் கேளிக்கைக் குழுவோடு கிளம்பிவிட்டார். வீட்டில் ஒரே அதிர்ச்சி. போர்க்காலத்தில் படைவீரர்களுக்கு வாசிக்கப் போன இடத்தில் ஜிம்மி மெக்பார்ட்லண்ட் என்ற அமெரிக்க கார்னெட் கலைஞரைச் சந்தித்தார், மணந்தார், அமெரிக்கா வந்தார்.

அங்கே ஜாஸ் விமர்சகர் லெனர்டு ஃபெதர் இவரைப் பற்றி எழுதியது பிரபலம்: ஆங்கிலேயர், வெள்ளைக்காரி, அதுக்கு மேல பெண், மூன்றுமே பாதகம். மரியன் அதைக் கடைசிவரை ஒரு ஜோக்காகவே சொல்லிக்கொண்டிருந்தார். 1958-ல் ஆர்ட் கேன் ஹார்லெமில் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் 57 ஜாஸ் கலைஞர்கள் நிற்கிறார்கள். பெண்கள் மூன்றே பேர். அதில் மரியனும் மேரி லூ வில்லியம்ஸும் பக்கத்துப் பக்கத்தில்.

இருபது வருஷம் கழித்து, 1978-ல், தென் கரோலினாவின் கல்வி ஒலிபரப்பு நிறுவனத்துக்காக 'பியானோ ஜாஸ்' பதிவைத் தொடங்கியபோது, முதல் விருந்தாளி அதே மேரி லூ. அடுத்த ஆண்டு முதல் என்.பி.ஆர். வழியாக நாடு முழுக்க ஒலித்தது.

நீங்கள் ஒன்றே ஒன்று கேட்பதானால் பில் எவன்ஸ் வந்த மணிநேரத்தைக் கேளுங்கள். பாட்டின் சொற்றொடரைத் தாளத்துக்கு முன்னும் பின்னும் எப்படி நகர்த்துகிறேன் என்று வாசித்தே காட்டுகிறார். மரியன் நடுவில் சின்னதாக ஏதோ கேட்கிறார், பதில் மறுபடி பியானோவிலிருந்துதான் வருகிறது. பதிவானது 1978 நவம்பர். எவன்ஸ் 1980 செப்டம்பரில், 51 வயதில் போய்விட்டார்.

குறை சொல்லணும்னா, மரியன் யாரையும் மடக்கிக் கேட்பதில்லை, எல்லாரையும் பாராட்டுகிறார். ஆனால் விருந்தாளியை நினைத்து அங்கேயே ஒரு இசைச் சித்திரம் வாசித்துக் காட்டுவார் பாருங்க, விமர்சனம் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

2011-ல், 93 வயதில், மைக்கை விட்டு எழுந்தார்.